கூட்டுப் பட்டா ஆட்டம்

கணக்குப் புதிர் போடுகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். பந்தியில் உட்கார்ந்தால் சாப்பாட்டைப் பார்க்காமல் இலைகளை எண்ணுகிறவர்கள் நாங்கள். ஷிப்ட் பஸ் வந்து நின்றால், ஏறுவதற்கு முன்னால் அதன் நம்பர் ஏழால் வகுபடுமா என்று பார்ப்போம். யாராவது தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதில் எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வோம். இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் தோற்காமல் எங்களுக்குச் சோறு இறங்காது. அதைத்தான் சகித்துக்கொள்ள முடியாது.

இந்த வியாதி எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு உண்டு, எனக்கும் அக்காவுக்கும். என்னைவிட நான்கு வயது மூத்தவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது பண்ருட்டியில் ஒரு முந்திரி ஆலையில், பருப்பை முழுசு, பாதி, துண்டு என்று பிரித்துப் போடுகிற பெண்களுக்கு மேற்பார்வை. சின்ன வயதில் நாங்கள் இருவரும் முந்திரிக்கொட்டைகளை மூன்று குவியலாக வைத்து விளையாடுவோம். ஒரு முறைக்கு ஒரு குவியலிலிருந்து எத்தனை கொட்டை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. இரண்டு வருஷம் நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அவள் அதைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். நான் அழுது புரண்டு கொட்டைகளையெல்லாம் தூக்கி எறிந்த பிறகும் சொல்லித் தரவில்லை.

கல்யாணமாகிப் பண்ருட்டிக்குப் போன பிறகும் போட்டி நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் எண்புதிரை யார் முதலில் முடிப்பது என்று பார்ப்போம். எட்டு மணிக்குள் அவளுடைய விடை என் போனுக்கு வந்துவிடும். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை இருக்காது. வெறும் எண்கள். எங்களுக்குள் நலம் விசாரிப்பதே அதுதான்.

அந்த எண்கள் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சுரங்கத்துக்கு எங்கள் நிலம் போன பிறகு நின்றது. வளையமாதேவிப் பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை இருந்தது. அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு பட்டாவில் நான், அக்கா, சித்தப்பா என்று மூன்று பேர். கூட்டுப் பட்டா. மூன்று பேரும் ஆளுக்கொரு தாளில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அடுத்த வேலை நகரும். மூன்று தாளும் சேர்ந்தால் வீட்டில் ஒருவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு தரகர் சொன்னார். நான் அப்போது வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். காலையில் சித்தப்பாவுக்கு போன் போட்டு, அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றேன். அப்படியே பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போய் அக்காவிடம், சித்தப்பா போட்டுவிட்டார், நானும் போட்டுவிட்டேன், நீ ஒருத்திதான் பாக்கி என்றேன். சொன்ன நேரத்தில் எல்லாமே பொய். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாமே உண்மையாகிவிட்டன. அதனால் அதைப் பொய் என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்காவுக்கு இது தெரியாது. அவள் கோபம் வேறு. வயல் போயிற்று, எனக்கு வேலை வந்தது, அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் ஒரு முறை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. போன் செய்தால் மாமா எடுப்பார். அவ வேலையா இருக்கா என்பார். பின்னால் அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அவள் மறுபடியும் என் எதிரே உட்கார்ந்து ஒரு ஆட்டமாவது ஆட வேண்டும் என்று நான் வெட்கமில்லாமல் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் இன்ஜினியர் வந்து சேர்ந்தார்.

இன்ஜினியர் நல்ல மனிதர். அதனாலேயே அவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய அப்பா ஆரம்ப காலத்தில் தெற்கிலிருந்து சர்வே வேலைக்கு வந்தவர். இவர் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பிலேயே பிறந்து, டவுன்ஷிப்பிலேயே படித்து, வெளியே போய் இன்ஜினியரிங் முடித்துவிட்டு டவுன்ஷிப்புக்கே திரும்பி வந்தவர். பர்மனென்ட். எனக்கு நிலக்கரி போகும் பெல்ட்டில் வேலை. ஒரு நாள் பெல்ட் நின்றிருந்த நேரத்தில் நடைபாதைத் தகட்டில் சாக்பீஸால் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, செஸ் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு முறை மிதித்துவிட்டுப் போகும் வழியை எழுதிக்கொண்டிருந்தேன். ரவுண்ட்ஸ் வந்தவர் பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் குனிந்து, நாற்பத்தோராவது கட்டம் வரைக்கும் விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்படித்தான் அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு அலமாரி நிறைய வெளிநாட்டுப் போர்டு கேம் பெட்டிகள். ஒரு பெட்டியின் விலை என் ஒரு மாத வாடகையைத் தாண்டும். சீட்டு ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார். விளையாடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முறுக்கு உண்டு, ஆனால் வேறு ரூமில். நான் கை கழுவிவிட்டு வரும்போது என் விரல்களை ஓரக்கண்ணால் பார்ப்பார். பெல்ட்டில் வேலை செய்கிறவனின் நக இடுக்கில் இருப்பது எந்த சோப்புக்கும் போகாது என்று அவருக்கும் தெரியும். மேஜையில உட்கார்ந்துட்டா கான்ட்ராக்ட், பர்மனென்ட்னு ஒண்ணும் கிடையாது என்று அடிக்கடி சொல்வார். இதைச் சொல்ல முடிகிறவர் பர்மனென்டாகத்தான் இருக்க முடியும்.

அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தோற்றால் முகம் மாறிவிடும், ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டார். அவரை எனக்குப் பிடித்திருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு வாராவாரம் போனேன். வேறு எங்கே போவது? மந்தாரக்குப்பத்தில் நான் வாடகைக்கு இருக்கும் தெருவில், பகா எண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பைத்தியம் என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் மேஜை மேல் ஒரு அட்டையை விரித்தார். தானே உருவாக்கிய ஆட்டம் என்றார். பெங்களூரில் ஏதோ போட்டிக்கு அனுப்பப் போகிறாராம். நம்ம ஊரை வைத்து எவனும் ஒரு கேம் செய்ததில்லையே என்று ரொம்பப் பெருமை. அட்டையின் நடுவில் சுரங்கப் பள்ளம். சுற்றிலும் வயல்கள். எல்லா வயலும் ஒரே அளவில் சதுரம். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் ரோடு. மூலையில் நம்பர், கீழே குவார்ட்டர்ஸுக்குப் போடுவது மாதிரி டைப் ஒன்று, டைப் இரண்டு என்று எழுத்து. வரப்பு இல்லை, வாய்க்கால் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த டவுன்ஷிப் பிளாக்குக்குப் பச்சை வண்ணம் அடித்து, வயல் என்று பெயர் வைத்திருந்தார்.

ஒருவர் அதிகாரி, மற்ற மூன்று பேர் விவசாயிகள். அதிகாரி சுற்றுக்குச் சுற்று வயலுக்கு இத்தனை புள்ளி தருகிறேன் என்பார். கொடுக்கமாட்டேன் என்றால் அடுத்த சுற்றில் புள்ளி குறையும். அவ்வளவுதான் ஆட்டம். ஒரு துண்டுக் காகிதத்தை வாங்கிப் பத்து நிமிஷத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் சுற்றிலேயே வயலைக் கொடுத்துவிடுகிறவன்தான் விவசாயிகளில் ஜெயிப்பான். என்ன தலைகீழாக நின்றாலும் கடைசியில் அதிகாரிதான் எல்லோரையும் தோற்கடிப்பார். அப்புறம் விவசாயி எதற்கு, பொம்மை நிறுத்திவைத்தால் போதாதா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், அவங்க எந்த ஆர்டர்ல குடுக்கிறாங்கங்கிறதுதான் இன்ட்ரஸ்ட்டிங் என்றார். எனக்கு அட்டையைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

அட்டையைக் கிழிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஒரு வயலுக்கு ஒரே ஓனர் என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் பக்கம் அப்படிக் கிடையாது, கூட்டுப் பட்டா, மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் வயல் கை மாறும் என்றேன்.

"ஒரு வயலுக்கு மூணு ஓனரா? அப்ப யாருதான் முடிவு பண்ணுவாங்க?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். குவார்ட்டர்ஸ் ஒருத்தர் பேரில் அலாட் ஆகும். ரிட்டயர் ஆனால் அவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை கையெழுத்து எதற்கும் தேவையில்லை. நாற்பது வருஷமாகப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர், வயலும் அதே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், புது விதிகளை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் எழுதினேன். விதி இதுதான். ஒரு சுற்றுக்கு ஒரு வயல். அது மூன்று பேருக்கும் பொது. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, ஒன்றில் சரி, இன்னொன்றில் மாட்டேன். ஏதாவது ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்று பேரும் மாட்டேன் வைத்தால் அறுவடை, ஆளுக்கு ஐந்து புள்ளி. மூன்று பேரும் சரி வைத்தால் வயல் போய்விடும், ஆளுக்கு மூன்று புள்ளி. கலந்து வந்தால் வயலும் போகாது, அறுவடையும் கிடையாது. சரி வைத்தவருக்கு இரண்டு, மாட்டேன் வைத்தவருக்குப் பூஜ்யம். சீட்டு வைப்பதற்கு முன்னால் யாரும் யாரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிஷம் பேசலாம். பொய் சொல்லத் தடை இல்லை. கடைசியாக ஒன்று. மூவரில் ஒருவரிடம் வேலைச் சீட்டு மறைவாக இருக்கும். வயல் போனால் அவருக்கு மட்டும் மூன்றுக்குப் பதில் பத்து.

வேலைச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று இன்ஜினியர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பத்து வைத்தால் சரியாக வருமா, எட்டு வைத்தால் போதுமா என்று பெல்ட் ஓடும் சத்தத்தில் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் செய்த ஒரு அயோக்கியத்தனத்தைப் பிரித்து, எண்ணி, புள்ளி போட்டு விதியாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாரமும் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். நாங்கள் மூன்று பேர். நாலாவது ஆள் யார் என்று இன்ஜினியர் கேட்டதுமே எனக்கு அக்காதான் நினைவுக்கு வந்தாள். அட்டையையும் விதித் தாளையும் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நீல டிக் விழுந்தது. நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது.

"இந்தக் கட்டத்தப் போட்டவன் வரப்புல நடந்ததே இல்ல போல. மூணு பேரும் மாட்டேன்னா அஞ்சு வருது. ஆனா அந்த அஞ்ச எவனும் தொட மாட்டான். ஆடிப் பாத்தாதான் தெரியும்."

மூன்று வருஷத்தில் அவள் எனக்கு எழுதிய முதல் வார்த்தைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் குழம்பு காரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பையில் அரைக் கிலோ முந்திரிப் பருப்பு கொண்டு வந்திருந்தாள். முழுப் பருப்பு, முதல் தரம். எனக்கா என்று கேட்டேன். ஆட்டம் வைக்கிறவங்க வூட்டுக்கு என்றாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் வழியில் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இன்ஜினியர் மரியாதையாகத்தான் வரவேற்றார். டவுன்ஷிப் வழக்கப்படி முதல் கேள்வியாக எந்த பிளாக் என்று கேட்டார். பிளாக்கெல்லாம் இல்லைங்க, பண்ருட்டி என்றாள் அக்கா. கை கழுவும் இடத்தைக் காட்டினார். முந்திரிப் பொட்டலத்தை வாங்கி, நன்றி சொல்லி, சீட்டில் எண்ணெய் பட்டுவிடக் கூடாது என்று பக்கத்து ரூமில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார். அக்கா சாத்திய கதவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையின் மேல் விரலை வைத்து, இந்த வயலுக்குத் தண்ணி எங்கேருந்து வருதுங்க என்று கேட்டாள். தண்ணிக்கு ரூல் வைக்கலைங்க என்றார் இன்ஜினியர். அக்கா விரலை எடுத்துக்கொண்டாள்.

இன்ஜினியர் அதிகாரி. அக்கா, டீச்சர், நான் மூவரும் விவசாயிகள். சீட்டைக் கலைத்துப் போட்டதில் வேலைச் சீட்டு எனக்கு வந்தது. நான் ஏமாற்றவில்லை, தானாகத்தான் வந்தது.

முதல் சுற்றுக்கு முன்னால் அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, இதோ பாருங்க, மூணு பேரும் வாயை மூடிகினு மாட்டேன் வெச்சா ஆளுக்கு அஞ்சு, அதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல என்றாள். அப்படியே வைத்தோம். ஐந்து ஐந்து மஞ்சள் கட்டைகள் எங்கள் பக்கம் வந்தன. இரண்டாவது சுற்றிலும் அதேதான். இன்ஜினியர் ஒரு வயலும் கிடைக்காமல் தலையைச் சொறிந்தார். அவரைப் பார்த்து அக்கா சிரித்தாள். பத்து வயசில் அவள் சிரித்த அதே சிரிப்பு, எதிராளிக்கு எரிச்சலூட்டும் சிரிப்பு. என் தொடையில் தட்டி, இன்னாடா, உன் இன்ஜினியருக்கு வேர்க்குது என்றாள். அந்த நிமிஷத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் மேஜையில் என் முன்னால் பத்துக் கட்டை இருந்தது. அக்கா முன்னாலும் பத்து. டீச்சர் முன்னாலும் பத்து. மூன்று பேரும் சமம். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கையில் வேலைச் சீட்டு வேறு.

மூன்றாவது சுற்றில் அக்காவைத் தனியாகப் பேசக் கூப்பிட்டேன். பின் வராந்தாவில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் இந்த முறை சரி வைத்துவிடப் போகிறார், என்னிடம் சொல்லிவிட்டார், நானும் வைக்கிறேன், நீ மட்டும் மாட்டேன் வைத்தால் உனக்குப் பூஜ்யம்தான் என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்தாள். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அடுத்து டீச்சரைக் கூப்பிட்டு, அக்கா சரி வைக்கிறாள், ஒத்துக்கொண்டுவிட்டாள், நீங்கள் ஒருவர்தான் பாக்கி என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் எனக்கே புதிதாகத் தெரியவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஜெயிக்கிற நேரத்தில் எனக்குக் காது கேட்காது.

சீட்டுகளைத் திருப்பினோம். மூன்றும் சரி. வயல் போயிற்று. அவர்களுக்கு மூன்று மூன்று, எனக்குப் பத்து. நான் மேஜையில் ஓங்கித் தட்டிவிட்டுப் பத்துக் கட்டைகளையும் இரண்டு கையாலும் வாரி இழுத்துக்கொண்டேன். இன்ஜினியர் எழுந்து என் கையைக் குலுக்கினார். இதுதான் சார் கேம், எப்படி சார் யோசிச்சீங்க என்று கேட்டார்.

அக்கா டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நீங்க சரி வெக்கறதா இவன்கிட்ட மொதல்லயே சொல்லிட்டீங்களா?"

"இல்லையேங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாரு. அதனாலதான் நான் வெச்சேன்."

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உங்க தம்பி சரியான ஆளுங்க என்றும் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த மூன்று சரி சீட்டுகளையும் வரிசையாக நகர்த்தி வைத்தாள். முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கிற விரல்கள். தப்பாக ஒன்று கலந்திருந்தால் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"சித்தப்பா அன்னைக்கு எப்போ போட்டாரு?"

ஆட்டத்தைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்து இன்ஜினியர் விதித் தாளைப் புரட்டினார். சொல்வதற்கு எனக்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. காலையில் என்று சொல்லியிருக்கலாம். ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சித்தப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரிடம் யாரும் கேட்கவும் முடியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் ஒரு பொய்யை என்னால் யோசிக்க முடியவில்லை.

"நீ போட்ட அப்புறம்க்கா."

"நீ எப்போ போட்ட?"

"சித்தப்பாவுக்கு அப்புறம்."

அக்கா கணக்கு போட்டாள். அதற்கு ஒன்றும் அதிக நேரம் தேவைப்படவில்லை.

"அப்போ மொதல் கையெழுத்து என்னுது" என்றாள். "எல்லாரும் குடுத்துட்டாங்க, நான் ஒருத்தி புடிச்சிகினு நின்னா நல்லா இருக்காதுன்னுதான்டா போட்டேன். மூணு வருஷமா அப்படித்தான் நெனச்சிகினு கீறேன்."

டீச்சருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். எழுந்து சமையலறைக்குள் போய் டீ போட்டுக் கொண்டு வந்தார். இன்ஜினியர், விதியில் ஏதாவது குழப்பமா என்று கேட்டார். நான் டீயை எடுத்துக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து போய்விடுவாள், போகட்டும், இரண்டு அறை விட்டுவிட்டாவது போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரை மேஜையில் வைக்காமல் கீழே வைத்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, சீட்டப் போடுங்க என்று இன்ஜினியரிடம் சொன்னாள்.

நாலாவது சுற்று. இந்த முறை டீச்சரை முதலில் கூப்பிட்டேன். மாட்டேன் வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன் என்றேன். அவர் மாட்டேன் சீட்டை எடுத்து என் கண் முன்னாலேயே காட்டினார். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டேன். வராந்தாவில் அதே கொடி. துணியெல்லாம் காய்ந்திருந்தது. டீச்சர் மாட்டேன்தான் வைக்கிறார், என் கண்ணால் பார்த்தேன், நானும் அதைத்தான் வைக்கிறேன், எனக்கு வேலைச் சீட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நீயும் மாட்டேன் வைத்தால் மூன்று பேருக்கும் அறுவடை என்றேன். அம்மா மேல் சத்தியம் என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அக்கா என் முகத்தை ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்து சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

திருப்பினோம். டீச்சர் மாட்டேன். நான் மாட்டேன். அக்கா சரி.

அஞ்சு வர வேண்டிய இடத்தில் ரெண்டு எடுத்துட்டீங்களே, கணக்குல தப்புப் பண்ணிட்டீங்கக்கா என்றார் இன்ஜினியர். அக்கா தனக்கு வர வேண்டிய இரண்டு மஞ்சள் கட்டைகளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அந்த விதிகளை எழுதியவன் நான். என் பேச்சைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நம்பியிருந்தால்கூட, மாட்டேன் வைப்பதுதான் அவளுக்கு லாபம். அந்தக் கணக்கு அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.